சர்க்கரை என்று சொல்லிவிட்டார்களா? வகுப்புக்குப் போய் வாருங்கள்

இங்கிலாந்தில் டைப் 2 சர்க்கரை நோய் என்று புதிதாகத் தெரிந்தவர்களுக்கு சாப்பாடு உட்பட நோயைச் சமாளிப்பது எப்படி என்று சொல்லித்தரும் டெஸ்மண்ட் என்றொரு வகுப்பு உண்டு. அங்கத்து அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ் இலவசமாகத் தருவது, மொத்தம் சுமார் 6 மணி நேரம், ஒரே நாளிலோ இரண்டு அரை நாளாகவோ முடிந்துவிடும். அனுப்பி வைத்தாலும் போகிறவர்கள் குறைவு.

ஜிபி (உங்கள் குடும்ப டாக்டர்) "பெயர் கொடுத்திருக்கிறேன்" என்றதோடு விட்டுவிடாதீர்கள். சில வாரத்தில் கடிதமோ போனோ வராவிட்டால் ரிசப்ஷனில் நீங்களே கேளுங்கள், சில இடங்களில் நேரடியாகவே பதிந்துகொள்ளலாம். தேதி ஒத்துவரவில்லையா? பேசாமல் இருந்துவிடாமல், மாலையில், சனிக்கிழமையில், இல்லை ஆன்லைனில் வகுப்பு இருக்கிறதா என்று கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தடுமாறும் என்றால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது, அன்றைக்குப் போய்க் கேட்டால் நடக்காது.

துணைக்கு ஒருவரை அழைத்து வரலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். அப்படியென்றால் வீட்டில் சமைப்பவரைக் கூட்டிப்போங்கள் (அது நீங்களே என்றால் வேலை மிச்சம்). பாஸ்தா, உருளைக்கிழங்கு பற்றித்தான் அதிகம் பேசுவார்கள், அதனால் சோறு எத்தனை கரண்டி, இட்லி எத்தனை, இடியாப்பம் எத்தனை என்று வெட்கப்படாமல் கேளுங்கள். அப்புறம், உங்கள் ஹெச்பிஏ1சி எண்ணையும் (இரண்டு மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; 48 mmol/mol-இலிருந்துதான் அங்கே சர்க்கரை நோய்க் கணக்கு.