பெரிய மானுக்கு எந்தத் தோட்டா? வெளிநாட்டில் வேட்டை உரிமம் எடுக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது மேகமலையிலோ சிறுமலையிலோ அழகர்மலை அடிவாரத்திலோ துப்பாக்கியோடு அலைவதற்கான குறிப்பு இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே மிளா என்கிற பெரிய காட்டு மானைச் சுட்டால் ஜெயில், அது அப்படியே இருக்கவும் வேண்டும். நான் எழுதுவது மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமிருந்து மெல்போர்ன் போய்க் குடியேறி, அங்கே முறையாக உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிற பிள்ளைகளுக்கு. விக்டோரியா மாநிலத்தில் நம் மிளாவேதான், 1860களில் கொண்டுபோய் விடப்பட்டது, இன்றைக்கு மலைக்காடு முழுக்கப் பெருகிக் கிடக்கிறது. போலீஸிடம் துப்பாக்கி லைசென்ஸும், மாநில அரசின் வேட்டை அமைப்பிடம் மான் வேட்டை உரிமமும் இருந்தால் போகலாம்.

அக்கா மகன் போன வாரம் போனில் கேட்டான்: "மாமா, முந்நூறு மேக்னம் வாங்கிடவா? கடையில எல்லாரும் அதான் பெருசுங்கிறாங்க." அது மருந்து அதிகம் அடைத்த பெரிய தோட்டா. வேண்டாம் என்றேன். ஏன் என்று விளக்கப் போய்த்தான் இது இவ்வளவு நீளமாகிவிட்டது.

தோட்டா என்பது நான்கு பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. இதில் மிருகத்தின் மேல் படுவது குண்டு மட்டும்தான். ஆனால் கடையில் நடக்கும் பேச்சு முழுக்கக் கூட்டைப் பற்றித்தான் இருக்கும், .270 நல்லதா .308 நல்லதா என்று. குண்டு எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்பவர் குறைவு. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

மிளாக் கிடா இருநூறு கிலோவைத் தாண்டும். தோல் தடிமன், தோள்பட்டை எலும்பு கனம், அதற்குப் பின்னால்தான் நுரையீரலும் இதயமும். குண்டு அந்த எலும்பை உடைத்தும் நிற்காமல் உள்ளே போய் இரண்டு நுரையீரலையும் கிழிக்க வேண்டும், அப்போதுதான் மிருகம் சீக்கிரம் விழும். சாதாரண ஈயக் குண்டு, மேலே மெல்லிய செம்பு உறை போட்டது, கிட்டத்தில் வேகமாகப் போய் எலும்பில் பட்டால் சிதறிவிடக்கூடும். மேலே பெரிய காயம், உள்ளே ஒன்றுமில்லை. அது ஓடிப்போய் எங்கோ புதரில் படுத்து நாள் கணக்கில் சாகும். இதைவிடப் பெரிய பாவம் வேட்டையில் கிடையாது.

ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் 1946-ல் கனடாவில் மூஸ் என்ற பெரிய மான் வகையில் ஒரு கிடாவைச் சுட்டார். கையில் இருந்தது அந்தக் காலத்திலேயே பலம் வாய்ந்த .300 எச் அண்ட் எச் மேக்னம். சேறு அப்பிய அதன் உடம்பில் குண்டுகள் மேலோடு உடைந்து நின்றுவிட்டன, உள்ளே போகவில்லை. தோட்டாவில் பலக்குறைவு ஒன்றுமில்லை, குண்டின் செய்நேர்த்திதான் போதவில்லை. அதற்கப்புறம் அவர் நடுவில் செம்புத் தடுப்பு வைத்து ஒரு குண்டு செய்தார்: முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். பார்ட்டிஷன் என்ற பெயரில் 1948-ல் விற்பனைக்கு வந்தது, இன்றும் கிடைக்கிறது.

ஆகவே பெரிய மிருகத்துக்கு மூன்று வகையில் ஒன்றை எடுங்கள். பார்ட்டிஷன் மாதிரி தடுப்பு வைத்தது, ஈயத்தை உறையோடு ஒட்டவைத்த 'பாண்டட்' குண்டு, அல்லது முழுக்கச் செம்பிலேயே செய்தது. செம்புக் குண்டில் ஈயத் துணுக்கு இறைச்சியில் கலக்காது, வீட்டில் குழந்தைகள் சாப்பிடுவார்கள் என்றால் இது முக்கியம். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: செம்புக்கு வேகம் வேண்டும், வேகம் குறைந்தால் விரியாது. அதனால் ஈயத்தில் 180 கிரெய்ன் போடுகிற இடத்தில் செம்பில் 150, 165 என்று இறங்கலாம். ஒரு கிரெய்ன் என்றால் சுமார் 0.065 கிராம், 180 கிரெய்ன் குண்டு பன்னிரண்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு.

சரி, இப்போது காலிபருக்கு வரலாம், அதாவது குண்டின் விட்டம், சுமாராக அங்குலக் கணக்கில். அந்தந்த நாட்டுச் சட்டம் ஒரு கீழ்வரம்பு வைத்திருக்கும், அதிலிருந்து தொடங்குங்கள். விக்டோரியாவில் மிளாவுக்கு நெடுங்காலமாக இருந்த விதி .270 காலிபர், 130 கிரெய்ன் குண்டு. அமெரிக்காவில் கொலராடோவில் எல்க் மானுக்கு .24 காலிபரும் விரியக்கூடிய 85 கிரெய்ன் குண்டும் போதும் என்கிறது சட்டம், ஆனால் அது சட்டத்தின் அடிமட்டம், என் சிபாரிசு இல்லை. விதிகளை அவ்வப்போது மாற்றுவார்கள், துப்பாக்கி வாங்கும் அன்றைக்கு என்ன விதி என்று அரசுத் தளத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். 6.5 கிரீட்மோர் இப்போது எல்லோரும் கேட்கிற தோட்டா, சுடும்போது தோளில் விழும் உதை குறைவு, குறி சுத்தம். ஆனால் அதன் குண்டு .264 அங்குலம்தான், .270 என்று வரம்பு வைத்த இடத்தில் செல்லாது.

என்னைக் கேட்டால் .308 வின்செஸ்டர் அல்லது .30-06. முதலாவது 1952-ல் வந்தது, இரண்டாவது 1906-லிருந்து இருக்கிறது. இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றுதான். .30-06-ன் கூடு நீளம், கொஞ்சம் மருந்து கூடுதல், 180 கிரெய்ன் குண்டை நொடிக்கு 2700 அடி வேகத்தில் அனுப்பும். .308 அதைவிட எண்பது நூறு அடி குறைவு, பதிலுக்கு ரைஃபிள் குட்டையாக, இலேசாகக் கிடைக்கும். விக்டோரியாவில் மிளா நிற்பது திறந்த மைதானத்தில் இல்லை, பெரணியும் முள்ளும் அடர்ந்த ஓடைச் சரிவில். பெரும்பாலும் நூறு மீட்டருக்குள் சுட வேண்டியிருக்கும். அந்தத் தூரத்தில் இந்த எண்பது அடி வித்தியாசம் மிளாவுக்குத் தெரியாது. .270-ம் நல்ல தோட்டாதான், 130 கிரெய்னை விட்டு 150 பாண்டட் போடுங்கள்.

முந்நூறு மேக்னத்துக்கு வருகிறேன். .300 வின்செஸ்டர் மேக்னம் அதே 180 கிரெய்ன் குண்டை 2960 அடி வேகத்தில் தள்ளும். குழல் வாயில் சக்தி, அதை அளப்பது அடி-பவுண்டில், .30-06-க்குச் சுமார் 2900, இதற்கு 3500. முந்நூறு மீட்டர் தாண்டி எல்க் சுடுகிறவருக்கு அது உதவும். ஆனால் உதை? எட்டு பவுண்டு ரைஃபிளில் .30-06 சுமார் இருபது அடி-பவுண்டு உதைக்கும் என்றால் இது இருபத்தைந்தைத் தாண்டும். புதிதாகச் சுடுகிறவர் நாலு தோட்டாவுக்கு மேல் தாங்கமாட்டார், ஐந்தாவதில் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடுவார்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, மதுரையில் ரைஃபிள் கிளப்பில் .22-ல் சுடும்போதே பழகலாம். பக்கத்தில் இருப்பவரிடம் மேகசினைக் கொடுத்து நல்ல தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத போலித் தோட்டா, ஒரு டம்மியைச் செருகச் சொல்லுங்கள், எத்தனாவது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. டம்மி வரும்போது 'டிக்' என்று மட்டும் கேட்கும், அந்த நேரம் குழல் முனை கீழே குத்தினால் உதைக்குப் பயப்படுகிறீர்கள் என்று அர்த்தம். வேட்டை ரைஃபிளிலும் இதையே செய்யுங்கள். முனை அசையாமல் நிற்கிற தோட்டா எதுவோ அதுதான் உங்கள் தோட்டா. நுரையீரலில் படுகிற .308, வயிற்றில் படுகிற மேக்னத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

ஆப்பிரிக்கா போய்க் காட்டெருமை சுடுவது தனிக் கதை. அங்கே .375 எச் அண்ட் எச்சை, 1912-ல் வந்தது, பல நாடுகள் குறைந்தபட்சமாகக் கேட்கும். முதல் ரைஃபிள் வாங்குகிறவருக்கு அந்தப் பேச்சே வேண்டாம். நம்மூர்ப் பெரியவர்கள் வைத்திருந்த .315-ஐ வைத்தும் கணக்குப் போடாதீர்கள், அந்தத் தோட்டா வெளிநாட்டுக் கடையில் கிடைப்பது கஷ்டம்.

வாங்கும்போது குழலில் பொறித்த பெயரையும், அட்டைப்பெட்டிப் பெயரையும், தோட்டாவின் அடிப்பாகத்தில் பிரைமரைச் சுற்றி வட்டமாகப் பொறித்த எழுத்தையும் வைத்து மூன்றையும் ஒப்பிடுங்கள். ".300 வின் மேக்" வேறு, ".300 டபிள்யூஎஸ்எம்" வேறு. .270-ம் .30-06-ம் ஒரே குடும்பம், கூடு பார்க்க ஒன்றுபோல இருக்கும். இரண்டு ரைஃபிளை ஒரே மேசையில் வைத்துச் சுடாதீர்கள். தவறான தோட்டாவால் ரைஃபிள் வெடித்துக் கண், கை போகலாம். அப்புறம், தேர்ந்தெடுத்த குண்டில் ஒரே லாட் எண் (ஒரே தொகுப்பில் தயாரானது) உள்ள பெட்டிகளாக இரண்டு மூன்று வாங்கி, அதிலேயே குறி சரிபார்த்து, அதையே காட்டுக்கும் கொண்டுபோங்கள். மலிவான குண்டில் குறி வைத்துவிட்டு விலை உயர்ந்த குண்டில் சுட்டால் குறி வேறு இடத்தில் விழும்.

இன்னும் ஒன்று, இதைக் கட்டாயம் செய்யுங்கள். வேட்டைக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்கு வரும் பயணத்துக்கு எடுக்காதீர்கள். பக்கப் பையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா இருந்தாலே, சென்னையிலோ மதுரையிலோ ஏர்போர்ட் ஸ்கேனரில் அகப்பட்டால் 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். ஞாபகத்துக்கென்று காலிக் கூட்டைக்கூடக் கொண்டுவர வேண்டாம், போட்டோ போதும்.