மழையில் வைசர்: வெளியே ஒரு வைத்தியம், உள்ளே வேறு வைத்தியம்

மழையில் பைக் ஓட்டும்போது ஹெல்மெட்டின் வைசர் (முகத்துக்கு முன்னால் இறக்கிவிடும் கண்ணாடி போன்ற மூடி) மங்குகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது இதைத்தான்: எந்தப் பக்கம் துடைத்தால் தெளிகிறது, வெளியேயா உள்ளேயா? வெளியே இருப்பது மழைத்துளி. உள்ளே இருப்பது நம் மூச்சு. இரண்டுமே தண்ணீர்தான் என்றாலும் செய்ய வேண்டியது நேர் எதிர். வெளியே தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓட வேண்டும். உள்ளேயோ அது துளித்துளியாகத் திரளாமல் மெல்லிய படலமாகப் பரவ வேண்டும். வெளியே பூசுகிற மெழுகை உள்ளேயும் பூசிவிட்டு, முன்பைவிட மோசமாக மங்குகிறதே என்று புலம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எதைப் பூசுவதற்கும் முன்னால் கழுவ வேண்டும். வைசர் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. சுலபத்தில் உடையாது, ஆனால் சுலபத்தில் கீறல் விழும். காய்ந்த மண்ணும் பூச்சியும் ஒட்டியிருக்கும்போது துணியை வைத்துத் தேய்க்கவே கூடாது. ஈரத்துணியை வைசர் மேல் போர்த்திப் பத்து நிமிடம் விடுங்கள், எல்லாம் ஊறிவிடும். அப்புறம் வைசரைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, வெறும் விரலால் வருடிக் கழுவினால் போதும். மண் இருந்தால் விரலுக்கு நறநறவென்று தெரிந்துவிடும், துணிக்குத் தெரியாது. ஷாம்பு ஏன் என்றால், லாரிகளுக்குப் பின்னால் போகும்போது தெறிக்கிற தண்ணீரில் எண்ணெய்ப் பசை இருக்கும். அது வெறும் தண்ணீரில் போகாது.

பெட்ரோல், தின்னர், அமோனியா கலந்த ஜன்னல் கண்ணாடி ஸ்பிரே எதுவும் வைசரில் படக்கூடாது. பாலிகார்பனேட்டில் நுண்ணிய விரிசல் விடவும் மங்கிப்போகவும் இவை காரணமாகும். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் போகும் என்பார்கள். கீறலோடு சேர்ந்து மேல்பூச்சும் போய்விடும்.

வெளிப்பக்கத்துக்கு மழைநீர் விலக்கி நல்லது. ஆனால் கார் கண்ணாடிக்கு என்று விற்பதை அப்படியே எடுத்துப் பூசாதீர்கள். பிளாஸ்டிக்குக்கும் வைசருக்கும் ஏற்றது என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூசிய பிறகு ஓரளவு வேகத்தில் காற்றே துளிகளைத் தள்ளிவிடும். தலையை லேசாக இடமும் வலமும் திருப்பினால், காற்று பக்கவாட்டில் பட்டு நடுவில் நிற்கிற துளிகளும் ஓடிவிடும். மெதுவாகப் போகும்போது இது பலிக்காது, கையால்தான் துடைக்க வேண்டும். சில மழைக் கிளவுஸ்களில் இடது கை விரலில் சின்ன ரப்பர் வைப்பர் வைத்தே தைத்திருப்பார்கள். வலது கை ஆக்சிலரேட்டரில் இருக்கிறதே, அதனால்தான் இடது. மண் படிந்த கிளவுஸால் மட்டும் துடைக்காதீர்கள்.

இனி உள்பக்கம். ஆபத்து அதிகம் இங்கேதான் என்பேன். துளி விழுந்தால் இடையிடையே பார்த்து ஓட்டலாம். ஆவி படிந்தால் மொத்தப் பாதையும் வெள்ளையாகிவிடும், அதுவும் சிக்னலில் நின்று கிளம்புகிற நேரத்தில். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வேர்ப்பதும் இதே கணக்குதான்: வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் துளியாகிறது. ஆகவே மூச்சை வைசரிடமிருந்து விலக்க வேண்டும், உள்ளே காற்றோட்டம் வேண்டும்.

மழை என்றதும் ஹெல்மெட்டில் காற்று நுழைகிற துளைகளான வென்ட் எல்லாவற்றையும் மூடுவதுதான் பலருக்குப் பழக்கம். தாடை வென்டைத் திறந்தே வையுங்கள். நின்றதும் வைசரை ஒரு கிளிக் தூக்குங்கள். நகர ஆரம்பித்ததும், மழை உள்ளே அடிக்கும் முன் இறக்கிக்கொள்ளலாம். ஹெல்மெட்டோடு மூக்குக்கு மேல் பொருத்துகிற மூச்சுத் தடுப்பு வந்திருந்தால் அதை மாட்டுங்கள், மூச்சைக் கீழே திருப்பிவிடும். தாடைக்குக் கீழே மாட்டுகிற துணித் திரையைக் கழற்றிவிடுங்கள், அது ஈரக்காற்றை உள்ளேயே அடைக்கும். மூக்கை மூடிக் கட்டிய துணி மூச்சை நேராக மேலே அனுப்பும். நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன். எனக்கு வைசருக்கு முன்பே கண்ணாடி மங்கும். அதனால் மழையில் துணியைத் தாடைக்குக் கீழே இழுத்துவிடுவேன்.

கையில் ஒன்றும் இல்லையா? நன்றாகக் காய்ந்த வைசரின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு ஷாம்பு அல்லது பாத்திரம் கழுவும் லிக்விடைத் தடவி, காயவிட்டு, கறை தெரியாத அளவுக்கு மென்மையான துணியால் ஒற்றி மெருகேற்றுங்கள். அந்த மிச்சப் பூச்சு தண்ணீரைத் துளியாகாமல் பரவவிடும். ஆனால் இது ரொம்ப நேரம் நிற்காது. தினமும் மழையில் ஓட்டுபவர்களுக்கு நான் சொல்வது பின்லாக்தான். வைசரின் உள்பக்கம் இரண்டு பின்களுக்கு நடுவே உட்காரும் இன்னொரு மெல்லிய லென்ஸ் அது. ஓரத்தில் சுற்றிவர சிலிகான் விளிம்பு, நடுவே அடைபட்ட காற்று. வெளிக்குளிர் உள்லென்ஸுக்கு வராது. அந்த லென்ஸும் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே ஆவி நுழைந்தால் விளிம்பு சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தம். பின்களைக் கொஞ்சம் திருப்பினால் பிடி இறுகும். லென்ஸ் மிருதுவானது என்பதால் அழுத்தித் துடைக்கக் கூடாது. பின்லாக் மேல் ஷாம்பு வைத்தியமும் வேண்டாம்.

உள்ளே மேலிருந்து தண்ணீர் கோடாக இறங்கினால் அது ஆவி அல்ல, ஒழுக்கு. வைசரை மூடியபின் மேல் ரப்பர் பீடிங்கில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பல ஹெல்மெட்களில் பக்கவாட்டுப் பொருத்தியை லேசாகப் பின்னுக்கு நகர்த்திச் சரிசெய்யலாம். நனைந்த உள்மெத்தையைக் காயவைக்காமல் மறுநாள் போட்டாலும் ஈரம் உள்ளேயேதான் சுற்றும்.

இரவு மழைக்குக் கறுப்பு வைசர் வேண்டவே வேண்டாம். நடுவில் கீறல் இருந்தால் எதிர் வண்டியின் விளக்கு நட்சத்திரமாகச் சிதறும், எந்தப் பூச்சும் அதைச் சரிசெய்யாது. வைசரை மாற்றிவிடுங்கள். மாற்றும்போது உங்கள் ஹெல்மெட் மாடலுக்கு உரியதா, பின்லாக் பின்கள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.