டர்ன்டேபிள் கேபிள்: தங்க முலாமை விடுங்கள், கெப்பாசிட்டன்ஸைப் பாருங்கள்

டர்ன்டேபிளில் இசைத்தட்டைப் படிக்கும் ஊசிப் பகுதிதான் கார்ட்ரிட்ஜ். எம்.எம். (மூவிங் மேக்னட், காந்தம் அசையும் வகை) கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் சிக்னல் வெறும் 3 முதல் 5 மில்லிவோல்ட்தான். அதைக் கொண்டுபோகும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை, பிகோஃபாரட்டில் அளப்பது) கூடிப்போனால் உச்ச ஒலிகள் ஓரிடத்தில் தூக்கலாகி, அதற்கு மேல் சட்டென்று மங்கிவிடும். கார்ட்ரிட்ஜோடு வரும் தாளில் 100–200 பிகோஃபாரட் என்பதுபோல ஓர் அளவு இருக்கும். டோன்ஆர்ம் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) வயர், கேபிள், போனோ ப்ரீஆம்ப் (இந்தச் சின்ன சிக்னலைப் பெருக்கும் கருவி) மூன்றின் கெப்பாசிட்டன்ஸையும் கூட்டினால் அதற்குள் அடங்க வேண்டும். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் உள்ள கேபிளை இரண்டு மீட்டர் இழுத்தால் அதிலேயே 200 போய்விடும். ஒரு மீட்டர் போதும், ப்ரீஆம்ப்பைப் பக்கத்தில் வையுங்கள். கேபிள் பெட்டியில் இந்த எண்ணே போடவில்லையா? நானாக இருந்தால் வேறு கேபிள் பார்ப்பேன்.

எம்.சி. (மூவிங் காயில், சுருள் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ் என்றால் இந்தக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை. ஆனால் சிக்னல் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டைத் தாண்டாது என்பதால் கேபிளின் ஷீல்டு (வெளி இரைச்சலைத் தடுக்கும் உறை) நன்றாக இருக்க வேண்டும்.

அப்புறம், ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் கேட்டால் புதுக் கேபிள் தேடுமுன் டர்ன்டேபிளிலிருந்து வரும் கிரவுண்டு வயரை ப்ரீஆம்ப் திருகில் இறுக்கிப் பாருங்கள். பாதி நேரம் கோளாறு அங்கேதான்.

டர்ன்டேபிளுக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருந்து அது ஆனில் இருந்தால், சரி, சாதாரண ஆர்.சி.ஏ. (சிவப்பு-வெள்ளை முனை) ஆடியோ கேபிளே தாராளம்.