பொசோலே: மக்காச்சோளம் மலர்ந்த பிறகே உப்பு

மெக்சிகோவின் பொசோலே சூப்பில் பன்றி இறைச்சியைவிட மக்காச்சோளத்துக்கே அதிகக் கவனம் தேவை. ககாவாசிந்த்லே எனப்படும் பெரிய வெள்ளை மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் கொதிக்கவைத்து, தோல் வழுக்கிக்கொண்டு வரும்வரை தேய்த்துக் கழுவிய பின், ஒவ்வொரு மணியின் அடியிலும் ஒட்டியிருக்கும் பழுப்பு நிறக் காம்பை நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டால், வேகும்போது மணி பூப்போல விரியும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆயினும் பொசோலேயின் அழகே அதில்தான் இருக்கிறது என்பதால் தவிர்க்க வேண்டாம். மணிகள் விரிந்த பிறகே உப்புச் சேர்ப்பது அங்குள்ள வழக்கம்.

பன்றியின் தோள்பட்டைக் கறியுடன் எலும்பும் ஒரு பன்றிக்காலும் சேர்ந்து வெந்தால் சாறு நன்கு திரளும். மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலப் பாணிச் சிவப்புப் பொசோலேவுக்கு, விதை நீக்கிய குவாஹியோ, ஆஞ்சோ என்னும் மெக்சிகோ காய்ந்த மிளகாய்களை வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பூண்டுடன் விழுதாக அரைத்து, வடிகட்டி ஊற்றுங்கள். வடிகட்டாவிட்டால் மிளகாய்த் தோல் துணுக்குகள் நாக்கில் தட்டுப்படும். மெல்லியதாக நறுக்கிய முட்டைக்கோஸ், முள்ளங்கி, கசக்கிய ஓரிகானோ, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைப் பாத்திரத்தில் கலக்காமல், பரிமாறிய கிண்ணத்தின் மேல் அவரவரே சேர்த்துக்கொள்ள வேண்டும்.