கோஹாவில் முன்பதிவு வரிசை குலையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

தண்டையார்பேட்டையில் நான் பணிபுரியும் சிறு நூலகத்தில், குரூப் 4 தேர்வுக்கு அறிவிப்பு வெளியானதும் ஒரே பொது அறிவு நூலுக்குப் பலரும் முன்பதிவு செய்துவிடுவார்கள். அந்த வரிசை பிசகாமல் நடக்க வேண்டுமானால், கோஹா என்னும் நூலக மென்பொருள் எதைக் கொண்டு முன்பதிவின் நிலையை மாற்றுகிறது என்பது கவுன்ட்டரில் அமர்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நூல் மேசைக்கு வந்துவிட்டது என்பது அதற்குத் தானாகத் தெரியாது. திரும்பப் பெறும் திரையில் பார்கோடை ஸ்கேன் செய்தால்தான் தெரியும்.

முன்பதிவைப் பதியும்போது 'அடுத்துக் கிடைக்கும் பிரதி' என்றே பதியுங்கள். குறிப்பிட்ட ஒரு பிரதியைக் கேட்டுப் பதிந்துவிட்டால், வேறு பிரதிகள் அலமாரியிலேயே இருந்தாலும் அந்த உறுப்பினர் அந்த ஒன்றுக்காகவே காத்துக்கிடப்பார். பல தொகுதிகளாக வந்த நூலுக்கு மட்டும் இது விலக்கு.

திரும்பி வந்த நூலை ஸ்கேன் செய்ததும், வரிசையில் முதலில் இருப்பவரின் பெயருடன் ஒரு பெட்டி திரையில் தோன்றும். அதை உறுதிசெய்தால்தான் அவருடைய முன்பதிவு 'காத்திருக்கிறது' (அதாவது, நூல் அவருக்காகக் காத்திருக்கிறது) என்ற நிலைக்கு மாறும், பின்னால் இருப்பவர்கள் ஓரிடம் முன்னே வருவார்கள். உடனே சீட்டை அச்சிட்டு நூலுக்குள் செருகி, முன்பதிவு அலமாரியில் வைத்துவிடுங்கள். கூட்டம் மிகுந்த ஒரு மாலையில் நான் ஸ்கேன் செய்யாமலே ஒரு நூலை அடுக்கில் வைத்துவிட்டேன். திருப்பித் தந்தவர் கணக்கில் அபராதம் ஏறிக்கொண்டிருந்தது, அதே நூலுக்காகக் காசிமேட்டிலிருந்து ஒரு மாணவி மூன்று முறை வந்து வெறுங்கையோடு திரும்பினாள். அந்த முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

வேறு கிளையில் பெற்றுக்கொள்வதாகப் பதிந்திருந்தால், நூல் 'வழியில்' என்றே காட்டும். அந்தக் கிளையில் மறுபடி ஸ்கேன் செய்த பிறகே நிலை மாறும்.

எடுத்துவைத்த நூலுக்குக் கோஹாவின் இயல்பான கெடு 7 நாள். கெடு கடந்தவற்றைத் தானாக நீக்கும் அமைப்பை இயக்கி, அதற்காக இரவில் கணினியில் தானாக ஓடும் நிரலும் ஓடினால்தான் அவை நீங்கும். இல்லையெனில் காலையில் கதவைத் திறந்ததும் எடுத்துவைத்த நூல்களின் பட்டியலைப் பார்த்து நீங்களே நீக்க வேண்டும். நீக்கிய நூலை அப்படியே அடுக்குக்கு அனுப்பிவிடாமல், கையோடு மீண்டும் ஸ்கேன் செய்யுங்கள். அடுத்தவரின் பெயர் அப்போதுதான் திரையில் வரும்.