ஃபின்னிஷில் 'வேண்டாம்' சொல்லும்போது சறுக்கும் இடங்கள்

ஃபின்லாந்தின் தம்பெரே நகரில் முதல் முறையாக ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். "ஒத்தத்கொ கஹ்விய?" என்றார்கள், காபி எடுத்துக்கொள்கிறாயா என்று. நம் வீட்டுப் பழக்கத்தில் "எய் கீத்தொஸ்" என்றேன். வேண்டாம், நன்றி. இன்னொரு தடவை கேட்பார்கள், அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கேட்கவே இல்லை. ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கிலோ காபி செலவாகும் நாட்டில், அந்த மேசையில் என் முன்னால் மட்டும் கோப்பை இல்லை.

வேண்டாம் என்றவரை வற்புறுத்துவதை இன்றைய ஃபின்லாந்தில் பலர் மரியாதையாகக் கருதுவதில்லை. சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் அங்கே மரியாதை. உபசாரத்துக்காக மறுக்கும் வழக்கம் அவர்களுக்கும் தெரியாததல்ல. 'குர்ஸய்லு' என்று அதற்குப் பெயரே இருக்கிறது. ஆனால் அது வயதானவர்களின் வழக்கமாகச் சுருங்கிவிட்டது. ஆகவே, வேண்டும் என்றால் முதல் கேள்விக்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறான சறுக்கலும் உண்டு. மறுக்க நினைத்து, புன்னகையோடு வெறும் "கீத்தொஸ்" என்று சொன்னால், பெரும்பாலும் கோப்பை நிரம்பிவிடும். 'தயவுசெய்து' என்பதற்கு ஃபின்னிஷில் தனிச்சொல் இல்லாததால், 'ஆமாம், கொடுங்கள்' என்ற இடத்திலும் இந்த நன்றிதான் நிற்கிறது. மறுப்பு என்றால் 'எய்' காதில் விழவேண்டும். நம் பக்கவாட்டுத் தலையசைப்பும் இங்கே கைகொடுக்காது. நாம் சரி என்று ஆட்டுவது அவர்கள் கண்ணுக்கு மறுப்பாகப் படலாம்.

அடுத்தது, 'எனக்கு வேண்டாம்' என்பதை மனத்துக்குள் மொழிபெயர்த்து "என் ஹலுஅ" என்பது. இலக்கணம் சரி, தொனி முரடு. 'எனக்கு இஷ்டமில்லை' என்று முகத்துக்கு நேரே சொன்னதுபோல் இருக்கும்.

இந்த 'என்' எங்கிருந்து வந்தது என்பது தமிழருக்கு எளிதில் பிடிபடும். நம் பழந்தமிழில் அறியேன், அறியாய், அறியான் என்று எதிர்மறையே ஆளைக் காட்டும் அல்லவா? ஃபின்னிஷில் எதிர்மறை தனி வினைச்சொல்லாக நின்று அந்த வேலையைச் செய்கிறது: நான் என்றால் 'என்', நீ என்றால் 'எத்', அவர் என்றால் 'எய்'. "எய் கீத்தொஸ்" மட்டும் யார் சொன்னாலும் மாறாத தொடர். வினையோடு மறுக்கும்போது ஆள் மாறியே ஆகவேண்டும்: "என் ஒத்த, கீத்தொஸ்", நான் எடுத்துக்கொள்ளவில்லை, நன்றி. "எய் ஒத்த" என்றால் வேறு யாரோ எடுத்துக்கொள்ளவில்லை என்று ஆகிவிடும்.

கடையில் "ஒன்கொ பொனுஸ்கொர்த்திய?" என்று கேட்பார்கள். போனஸ் அட்டை இருக்கிறதா என்ற கேள்வி அது; யாரும் எதையும் கொடுக்க முன்வரவில்லை. அதற்கு "எய் கீத்தொஸ்" பொருந்தாது. "எய் ஒலெ", இல்லை, அவ்வளவுதான். ரசீது வேண்டுமா என்று கேட்டால் அங்கே "எய் கீத்தொஸ்" சரி.

அழைப்பை மறுப்பதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறோம். 'வரமாட்டேன்' என்பதை நேராக "என் துலெ" என்றால் வெட்டிவிட்டதுபோல் கேட்கும். "கீத்தொஸ் குத்ஸுஸ்த, வலிதெத்தவஸ்தி என் பேஸெ" என்பதே பழகவேண்டிய வாக்கியம்: அழைத்ததற்கு நன்றி, வருத்தம்தான், வர இயலவில்லை. 'பேஸெ' என்ற அந்த வினை தடையை வெளியில் வைக்கிறது. மனம் இல்லாமல் அல்ல, சூழ்நிலை விடவில்லை என்று பொருள் தருகிறது. முறையான அழைப்பிதழில் 'வி.பி.' என்று இரண்டெழுத்தும் ஒரு தேதியும் இருந்தால், அதற்குள் பதில் வேண்டும் என்று அர்த்தம். அதற்கு "எஹ்கே", அதாவது 'ஒருவேளை', என்று எழுதிவிட்டு மௌனமாவது கூடாது. நம் ஊரில் 'பார்க்கலாம்' என்றாலே கேட்டவருக்குப் புரிந்துவிடும். அங்கே அவர் உங்களுக்கும் சேர்த்துச் சாப்பாடு சொல்லிவைப்பார்.

காரணங்களை அடுக்கவும் தேவையில்லை. மதுவை மறுக்க "ஒலென் குஸ்கின", வண்டி ஓட்டுவது நான்தான், என்ற இரண்டு சொற்கள் போதும், அது உண்மையாக இருக்கும்வரை. வண்டி இல்லாதவர் "எய் கீத்தொஸ்" சொல்லித் தண்ணீர் கேட்டுக்கொள்ளலாம்.

ஸௌனா என்னும் வெப்ப அறைக் குளியலுக்கு அழைத்தால் பலர் பதறிப்போய் இல்லாத காய்ச்சலை வரவழைத்துக்கொள்கிறார்கள். 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பண்பாடு ஆயிற்றே, மறுத்தால் மனம் புண்படுமோ என்ற பயம். "எய் தெல்லே கெர்த்தஅ, கீத்தொஸ்", இந்த முறை வேண்டாம், நன்றி என்று சொல்லிவிட்டு வெளியே காத்திருங்கள். குளித்து முடித்து வருபவர்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம்.