மொட்டை மாடியில் ஒரே கம்பி, பல பேண்டு: எதைக் கட்டலாம்?

ஹாம் ரேடியோவுக்கு (உரிமம் பெற்றவர்கள் பேசும் அமெச்சூர் வானொலி) எந்த ஆன்டெனா நல்லது என்று கேட்பதற்கு முன் மாடிக்குப் போய், கம்பியை எங்கெங்கே கட்ட முடியும் என்று பாருங்கள், பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும். நம் ஊரில் பகலில் பேச ஆள் கிடைப்பது 40 மீட்டர் பேண்டில்தான் (பேண்டு என்பது நமக்கு ஒதுக்கிய அதிர்வெண் துண்டு, பெயர் அதன் அலைநீளத்தை வைத்து), அதில் நமக்கு அனுமதி 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை. அதற்கு அரை அலை நீளம், அதாவது கம்பிக்கு வேண்டிய நீளம், சுமார் 20 மீட்டர், சாதாரண வீட்டு மாடியில் அதை நேராக இழுக்க இடம் இருக்காது.

நடுவில் ஒரு கம்பம் நிற்க வழியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், தலைகீழ் V வடிவில் டைபோல் கட்டுங்கள், அதாவது நடுவில் கேபிள் சேர்ந்து இரு பக்கமும் சம நீளக் கம்பி இறங்கும் ஆன்டெனா. 20 அடி ஜிஐ பைப் போதும், சவுக்குக் கம்பு கிடைத்தால் இன்னும் மலிவு. 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும்: 7.1க்கு 20.1, பக்கத்துக்கு 10 மீட்டர் சொச்சம். அதே ஃபீட் பாயின்ட்டில் (கேபிள் சேரும் இடம்) 20 மீட்டர் பேண்டுக்கும் பக்கத்துக்கு 5 மீட்டர் சொச்சமாக இன்னொரு ஜோடியைச் சேர்த்து, நுனிகளை நீளக் கம்பியிலிருந்து ஓரடியாவது தள்ளிக் கட்டுங்கள். நீளக் கம்பியே மூன்றாம் ஹார்மோனிக்கில் (மூன்று மடங்கு அதிர்வெண்ணில்) 15 மீட்டர் பேண்டுக்கும் ஓரளவு ஒத்துவரும், ஒத்திசையும் அதிர்வெண் கொஞ்சம் மேலே தள்ளி நிற்கும், அதை ரேடியோவில் உள்ள ட்யூனர் சமாளித்துக்கொள்ளும். ஆக மூன்று பேண்டு, டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் இல்லாமல்.

வீட்டு வயரிங்குக்கு வாங்கும் ஒன்றரை ஸ்கொயர் எம்எம் வயரே போதும், ஆனால் மேலே பிளாஸ்டிக் உறை இருப்பதால் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவான நீளத்திலேயே ஒத்திசையும். முதலில் ஒவ்வொரு பக்கமும் ஓரடி கூடுதலாக விட்டு, நானோ விஎன்ஏ (ஆன்டெனா எந்த அதிர்வெண்ணில் ஒத்திசைகிறது என்று காட்டும் சின்னக் கருவி) வைத்துப் பார்த்துக்கொண்டே நுனியை மடக்குங்கள், வெட்ட வேண்டாம். நீளக் கம்பியைச் சரிசெய்த பிறகுதான் குட்டையைத் தொடணும், அப்புறம் நீளத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள், ஒன்று மற்றதை இழுக்கும்.

கம்பம் நட வழியில்லை, தண்ணீர்த் தொட்டியிலிருந்து எதிரே உள்ள தென்னைக்கு ஒரு கயிறு போடலாம், அவ்வளவுதான் என்றால் எண்ட்-ஃபெட் அரை அலை, அதாவது கேபிளை ஒரு முனையில் சேர்க்கும் கம்பி. 20 மீட்டர் கம்பி, ஒரு முனையில் அந்த முனையின் மிக அதிக மின்மறுப்பைக் கேபிளுக்கு ஏற்றபடி குறைக்கும் 49:1 டிரான்ஸ்ஃபார்மர்: எஃப்டி240-43 ஃபெரைட் வளையத்தில் 2 சுற்றுக்கு 14 சுற்று. 40, 20, 15, 10 மீட்டர் பேண்டுகள் நான்கும் வரும், இதுதான் இன்று எல்லோரும் இதையே கட்டக் காரணம். ஆனால் கோஆக்ஸ் கேபிளின் வெளிப்பக்கத்திலும் கரன்ட் ஓடும், மைக்கைத் தொட்டால் உதட்டில் சுரீர் என்றால் அதுதான், ரேடியோ பக்கம் அதைத் தடுக்கும் சுருளான சோக் ஒன்று போடுங்கள். கம்பியின் முனையில் 100 வாட்டுக்கே 500 வோல்ட் அளவில் இருக்கும், துணி காயப்போடும் கொடி உயரத்தில் கட்டிவிடாதீர்கள்.

ஜி5ஆர்வி என்ற பல பேண்டு டைபோல் பற்றியும் யாராவது சொல்வார்கள். 31 மீட்டர் இடமும் நல்ல ட்யூனரும் இருந்தால் சரி, மாடி வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். 9:1 டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஏதோ ஒரு நீளத்தில் இழுக்கும் கம்பியும் அப்படித்தான், எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) அழகாகக் காட்டும், சக்தியில் ஒரு பங்கு சூடாகப் போயிருக்கும்.

எதைக் கட்டினாலும் தெரு மின்கம்பி அறுந்தாலும் நம் கம்பி அறுந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று விழாத தூரம் வேண்டும், கம்பம் சாய்ந்தாலும் அப்படியே. கரன்ட் சர்வீஸ் ஒயரை விட்டு விலகி, முடிந்தால் அதற்குக் குறுக்காக இழுத்தால் எல்இடி பல்பு, இன்வெர்ட்டர் இரைச்சலும் குறையும். இடி கேட்கும் முன்னரே கோஆக்ஸைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.